சிண்டாக்கர் வாசல்

முதல்ல வந்தது ஒரு செவலைக் காளை. அது வந்து நூத்தி எழுபது வருஷத்துக்கு மேல ஆகுது, கண்ணால பாத்தவங்க ஒருத்தரும் இப்ப உசுரோட இல்ல, ஆனா எங்க தெருவுல எந்தப் பிள்ளையப் பிடிச்சு நிறுத்திக் கேட்டாலும், அதுக்கு இடது கொம்பு உடைஞ்சிருந்துச்சு, அறுந்த கயிறு கழுத்துல தொங்குச்சு, செத்து அரை நாள் ஆகிட்டதால வயிறு உப்பியிருந்துச்சு, அந்த வயித்தோடயே மேலத்தெருவுலேருந்து நடந்து வந்துச்சுன்னு மூச்சு விடாம சொல்லிடும்.

என் பேரு ஞானப்பூ. முழுப்பேரு ஞானப்பூ சிண்டாக்கர். சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சிடுங்க, பின்னால சிரிக்க ஒண்ணுமில்ல.

காவிரி கடல்ல சேர்ற பக்கம் பூவாளம்பாடி எங்க ஊரு. மேற்கால மேலத்தெரு, கிழக்கால எங்க தெரு, நடுவுல ஒரு வாய்க்கால், வாய்க்கால் கரையில ரெண்டு தெருவுக்கும் பொதுவுல ஒரு சர்ச்சு, அந்த சர்ச்சுக்கு ரெண்டு வாசல். ஊரைக் கட்டுனவன் ஒண்ணும் முட்டாளில்ல. எங்க பக்கம் காத்து பெரும்பாலும் மேற்கேருந்துதான் அடிக்கும். மேலத்தெருக்காரன் மேல பட்ட காத்து எங்க மேல படலாம், எங்க மேல பட்ட காத்து கடலுக்குத்தான் போகணும், அப்படிப் பாத்துப் பாத்து எங்களக் கிழக்கால வச்சிருக்கான். மேலத்தெருவுல மாடு செத்தா எங்க ஆளுங்க நாலு பேரு மூங்கில் கழியோட போயி, காலக் கட்டித் தூக்கிட்டு வந்து, தோலை உரிச்சு அவங்களுக்கே திருப்பிக் குடுக்கணும். அதுதான் வேலை. அதுதான் எங்களுக்கு அப்ப இருந்த பேரும்.

அப்பதான் ஜெர்மனிலேருந்து சிண்டாக்கர் ஐயர் வந்தாரு. பாதிரியாரை அந்தக் காலத்துல ஐயர்னுதான் சொல்லுவாங்க. நெட்டையா, கூனலா, யார் கூடவும் உக்காந்து சாப்பிடக் கூச்சப்படுற மனுஷனாம். ஒரே நாள்ல எங்க தெரு நாப்பத்திரெண்டு வீட்டுக்கும் ஞானஸ்நானம் குடுத்தாரு. மத்த ஊர்ல ஐயருங்க ஆளுக்கு ஒரு பைபிள் பேரு குடுத்துட்டுப் போயிடுவாங்க, இவரு அதோட விடாம தன் குடும்பப் பேரையே மொத்தத் தெருவுக்கும் குடுத்துட்டாரு. ஏன்னு கேட்டதுக்கு, இந்தப் பேருக்கு என்ன அர்த்தம்னு இந்த நாட்டுல ஒருத்தருக்கும் தெரியாது, அதனால வச்சுக்குங்கன்னாராம். எங்க ஆளுங்களுக்கு அது வானத்துலேருந்து விழுந்த வார்த்தை மாதிரி இருந்துச்சு. ஒரு பேரைச் சொன்னா எந்தத் தெரு, என்ன வேலை, யார் வீட்டுக் கொல்லையில நிக்கிறவன்னு எல்லாம் தெரிஞ்சிடுற ஊர்ல, அர்த்தமே தெரியாத பேரு கிடைக்கிறது லேசா? மேலத்தெருவுலயும் பாதிப்பேர் அவர்கிட்டயேதான் ஞானஸ்நானம் வாங்குனாங்க, ஆனா அவங்கவங்க சாதிப் பட்டத்த அவங்களே வச்சுக்கிட்டாங்க. எங்களுக்கு விட்டுக்குடுக்கத்தான் ஒண்ணுமில்ல, வாங்கிக்கிட்டோம்.

ஐயர் இன்னொண்ணும் சொன்னாரு. இனிமே செத்த மாட்டத் தொடாதீங்கன்னாரு.

அடுத்த ஞாயித்துக்கிழமை மேலத்தெருவுல அந்தச் செவலை செத்துச்சு. ஆள் வந்து கூப்பிட்டான், எங்க ஆளுங்க போகல. ரெண்டாவது ஆள் வந்தான், போகல. மூணாவதா மிரட்டல் வந்துச்சு, அப்பவும் போகல, ஐயர் நடுத்தெருவுல நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரு. சாயங்காலம் நாலு மணி வாக்குல அந்தக் காளை எழுந்துச்சு. உசுரு வந்து எழுந்திரிக்கல, செத்த மாடு செத்த மாதிரியே எழுந்து, கண்ணு சொருகி, நாக்கு தொங்க, ஈ மொய்க்க, கயித்த இழுத்துக்கிட்டு, வாய்க்கால் பாலத்தத் தாண்டி எங்க தெருவுக்குள்ள வந்து, முதல் வீட்டு வாசல்ல காலை மடக்கிப் படுத்துக்கிச்சு. படுத்ததும் பழையபடி செத்த மாடாவே கிடந்துச்சு. ஐயர் தொப்பியக் கழட்டிட்டுத் தரையில உக்காந்துட்டாராம். பயப்படல, ஜெபம் பண்ணல. இங்கயுமான்னு ஒரே வார்த்தைதான் கேட்டாராம். அது என்ன கேள்வின்னு எங்க தெருவுல அஞ்சு தலைமுறை மண்டையப் போட்டு உடைச்சுக்கிட்டாங்க.

சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணுமேம்பாங்க. எங்க விஷயத்துல பூசாரியும் குடுத்துட்டாரு, மாடுதான் குடுக்கல. அன்னிக்கு ஆரம்பிச்சது நிக்கவேயில்ல. எந்த மாடு செத்தாலும் எழுந்து எங்க தெருவுக்கு வந்துடும். மேலத்தெருவுக்கு முதல் வாரம் கொஞ்சம் திகைப்பு, ரெண்டாவது வாரம் பழகிடுச்சு, மூணாவது வாரம் சௌகரியம் ஆகிப்போச்சு. தூக்கச் சொல்லி ஆளனுப்ப வேண்டாம், அறுவடையில குடுக்கிற ஒரு மரக்கால் நெல்லையும் குடுக்க வேண்டாம், அதான் தானா வருதேன்னு சொல்லிட்டாங்க. மாட்டுக்கே தெரியுது பாரு எது யார் வாசல்னு, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்னு பிரசங்கத்துலயே சொன்ன உபதேசியாரும் இருந்தாரு. பின்னால ரோடு வந்துச்சு, பஸ் வந்துச்சு. செத்த மாடு பாலத்துல வந்தா பஸ்காரர் வண்டிய ஓரங்கட்டி வழி விடுவாரு, பள்ளிக்கூடப் பிள்ளைங்க ஒதுங்கி நின்னு மூக்கப் பொத்திக்கும், டீக்கடைக்காரர் பலகாரத் தட்டை மூடி வைப்பாரு. காப்பீட்டு ஆபீசர் மாட்டுக் காதுல இருக்கிற வில்லையக் கழட்ட நேரா எங்க தெருவுக்கே வந்துடுவாரு, மேலத்தெருவுக்குப் போறது வீண் அலைச்சல்னு அவருக்குத் தெரியும். மாடு யாரோடதுன்னு எங்க ஊர்ல யாரும் கேட்டதில்ல. யார் வாசல்ல கிடக்குன்னுதான் கேப்பாங்க.

எங்கப்பா காலத்துல ஒரு தடவ மறுத்துப் பாத்தாங்க. வந்த மாடு வந்த இடத்துலயே கிடக்கட்டும், யாரும் தொடக்கூடாதுன்னு தெருக்கூட்டம் போட்டு முடிவெடுத்தாங்க. ஒன்பது நாள். காத்து எப்பவும் போல மேற்கேருந்து அடிச்சுது. மேலத்தெருவுல அந்த வாரத்துல ஒரு கல்யாணமே நடந்துச்சு, வெத்தலபாக்கு போட்டுக்கிட்டு சந்தோஷமா இருந்தாங்க. எங்க தெருவுல மூணு பிள்ளைங்க வாந்தியெடுத்தே செத்துப்போச்சு, அதுல ஒண்ணு என் கூடப் பொறந்தவன். பத்தாம் நாள் காலையில எங்கப்பா ஒண்ணும் பேசாம கயித்த எடுத்தாரு.

பேரு மட்டும் எங்களக் காப்பாத்தும்னு நம்பிக்கிட்டே இருந்தோம். பள்ளிக்கூடம் வந்தப்ப விண்ணப்பத்துல சாதின்னு ஒரு கட்டம் இருந்துச்சு. எங்க ஆளுங்க என்ன பண்ணுனாங்கன்னா, பழைய பேரைச் சொல்ல வாய் வராம, அந்தக் கட்டத்துலயும் சிண்டாக்கர்னே எழுத வச்சாங்க. அர்த்தமில்லாத பேரை எழுதுனா சாதியும் இல்லாமப் போயிடும்னு நெனச்சாங்க. கேட்டா உங்களுக்கே சிரிப்பு வரும். வாத்தியார் எழுதிக்கிட்டாரு, தாலுக்கா ஆபீஸ்ல எழுதிக்கிட்டாங்க, இருபது வருஷத்துல அந்தப் பேரே எங்க சாதிப்பேரு ஆகிடுச்சு. மேலத்தெருவுல பிள்ளை அழுக்காக் கிடந்தா, போடா சிண்டாக்கருன்னு அவங்கம்மா திட்டுறத என் காதால கேட்டிருக்கேன். வேலியில போன ஓணானைப் பிடிச்சு மடியில விட்டுக்கிட்ட கதைதான்.

ஆனா வெளியூர்ல அதுக்கு மவுசு இருந்துச்சு. அதத்தான் நான் நம்புனேன். என் வீட்டுக்காரரு போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம், ஒரே பொண்ணு தபித்தா, இங்கிலீஷ்ல எம்.ஏ. படிக்க வச்சேன். அவள இந்தத் தெருவுலேருந்து வெளிய அனுப்பிடணும், அவ வாசல்ல ஒரு மாடும் வந்து படுக்கக்கூடாது, எனக்கு வாழ்க்கையில இருந்த ஆசை அது ஒண்ணுதான்.

அவளுக்கு வரன் பாத்துக்கிட்டிருந்த வருஷம்தான் லோதர் வந்தாரு. எழுபத்தஞ்சு வயசு, ஜெர்மனியில தபால்காரரா இருந்து ஓய்வானவரு. தபால் குடுத்துக் குடுத்து மனுஷனுக்குப் பேரு மேல பைத்தியம் பிடிச்சு, எந்தக் குடும்பப் பேரு எந்த ஊர்ல எத்தனை பேருக்கு இருக்குன்னு எண்ணுறதையே வேலையா வச்சிருந்தாரு. ஒரு படத்தை விரிச்சாரு, உலக வரைபடம். ஒவ்வொரு பேருக்கும் ஒரு படமாம், ஆள் இருக்கிற இடத்துல சிவப்புப் புள்ளி வைப்பாராம், எங்க பேருக்கான படத்துல ஜெர்மனி வெறிச்சோடிக் கிடந்துச்சு, கடல் தாண்டி இந்தப் பக்கம் ஒரே ஒரு பெரிய புள்ளி, அது நாங்க.

தபித்தா பக்கத்துல உக்காந்து தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தா. நூறு வருஷத்துக்கு முந்தி ஜெர்மனியில நாப்பத்தியொரு சிண்டாக்கருங்க இருந்தாங்களாம். போருக்குப் பிறகு பன்னெண்டு. அப்புறம் மூணு. கடைசியா அந்தப் பேரோட பொறந்தவ ஒருத்தி, ஹில்டகார்ட், இவரு சம்சாரம், போன வருஷம் இறந்துட்டாங்களாம். இப்ப சைபர். உங்க தெருவுல எத்தனை பேருன்னு கேட்டாரு. நூத்தி அறுபத்திமூணு பேருன்னோம். அந்த மனுஷன் கண்ணக் கசக்கிக்கிட்டாரு, என் சம்சாரம் இதப் பாக்காமப் போயிட்டாளேன்னாரு. எங்க ஆளுங்களுக்குப் பெருமை தாங்கல. பக்கத்து வீட்டு மதுரம் அக்கா இளநீர் வெட்டச் சொன்னா.

நான்தான் கேட்டேன். அர்த்தம் என்னன்னு கேளுடி. அந்த வாயை நான் அன்னிக்கு மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்.

அவரு இளநீரைக் கீழ வச்சுட்டு ஷூவையே பாத்துக்கிட்டிருந்தாரு. அப்புறம் மெதுவாச் சொன்னாரு, தபித்தா மெதுவாத் தமிழ்ல சொன்னா. செத்த மிருகத்தக் கொண்டுபோய்ப் போட்டுத் தோலுரிக்கிற வயலுக்கு அந்த ஊர்ல அந்தப் பேரு. அந்த வேலை செஞ்ச குடும்பம் அந்த வயலோரமே குடியிருக்கும், அந்த வயல் பேரையே அதுக்கும் வச்சுட்டாங்க. சர்ச்சுல அவங்களுக்குக் கடைசியில தனி பெஞ்சு. சாராயக்கடையில தனி முக்காலி, மத்தவங்க குவளைக்கெல்லாம் மூடி இருக்கும், இவங்க குவளைக்கு மட்டும் மூடி கிடையாது, அடையாளம் தெரியணுமில்ல. செத்தாலும் கல்லறையில தனி மூலை.

மதுரம் அக்காதான் முதல்ல சிரிச்சா. அங்கயும் தனி டம்ளராடின்னு கேட்டுட்டு சிரிச்சா, தெருவே சிரிச்சுது, லோதருக்கு ஒண்ணும் புரியல, அவரும் சேர்ந்து கொஞ்சம் சிரிச்சாரு. சிரிச்சு ஓய்ஞ்சதும்தான் விஷயம் உறைச்சுது. ஐயர் அந்தப் பேர்லேருந்து தப்பிச்சுக் கப்பலேறி வந்திருக்காரு. தெரிஞ்சேதான் குடுத்தாரா, தெரியாமக் குடுத்தாரான்னு எங்க தெருவுல இன்னிக்கும் வாதம் நடக்குது. தெரிஞ்சுதான் குடுத்தாரு. தன்கிட்ட இருந்தத, அர்த்தம் தெரியாத ஊர்ல வச்சு அர்த்தத்த மாத்திடலாம்னு பாத்திருக்காரு. நல்ல மனுஷன். நல்ல மனுஷனுங்களால எங்களுக்கு வந்த வினை கொஞ்சமில்ல.

அங்க மாடு நடந்து வந்துச்சான்னு நான் கேக்கச் சொன்னேன். அங்க பெரும்பாலும் குதிரையாம். போர்க்காலத்துல வாசல்ல வரிசையா நின்னுச்சாம். அப்புறம் டிராக்டர் வந்து ஊர்ல குதிரையே இல்லாமப் போனதால வர்றது நின்னுச்சாம். ஆக, மனுஷன் திருந்தி நிக்கல, குதிரை தீர்ந்து நின்னிருக்கு. கடைசியா லோதர் இன்னொண்ணு சொன்னாரு, கொஞ்சம் நீளமா, தன் கல்யாண மோதிரத்தத் திருகிக்கிட்டே சொன்னாரு. தபித்தா அதை மட்டும் தமிழ்ல சொல்லல. என்னடி சொல்றாருன்னேன். சும்மா, அவர் சம்சாரத்தப் பத்தி ஏதோன்னு சொல்லிட்டு எழுந்து உள்ள போயிட்டா.

அடுத்த தை மாசம் திருச்சியிலேருந்து வரன் வந்துச்சு. பையன் ஆல்வின், பேங்க்ல வேலை, அவங்கம்மா வயலட் அம்மாளுக்கு எங்க பேரைக் கேட்டதுமே முகம் மலர்ந்துடுச்சு. உங்க பெரியவங்க ஜெர்மன்காரங்களான்னு கேட்டாங்க. ரத்த சம்பந்தம் இல்லைங்க, ஆனா நெருங்குன சம்பந்தம்னு சொல்லி வச்சேன், பொய்யில்லையே. மாசி கடைசியில நிச்சயதார்த்தம், எங்க வீட்லதான் நடத்தணும்னு ஒரே பிடிவாதம், ஜெர்மன் ஐயர் இருந்த தெருவைப் பாக்கணுமாம்.

இங்கதான் ஒரு சிக்கல். மாடு எங்க தெருவுக்குள்ள முறை வச்சு வரும். முதல் வீடு, ரெண்டாவது வீடு, இப்படி நாப்பத்திரெண்டு வரைக்கும் போயி மறுபடி முதல் வீடு. கதவைச் சாத்தினாலும், பந்தல் போட்டு மறைச்சாலும், வீடு மாறி உக்காந்தாலும், முறைக்காரன் எங்க இருக்கானோ அங்கதான் வந்து படுக்கும். கார்த்திகையில வந்தது மதுரம் அக்கா வாசலுக்கு. அடுத்தது நான். மேலத்தெருவுல அப்ப சாகக் கிடந்த மாடு ஒண்ணே ஒண்ணு, சபை மூப்பர் அருமைநாயகத்தோட பசு. பேரு சாராள். பதினெட்டு வயசு, பல்லு போச்சு, பால் போயிப் பத்து வருஷம், நின்னா முட்டி நடுங்கும். அது நிச்சயதார்த்தத்துக்கு முந்தி செத்துச்சுன்னா திருச்சிக்காரங்க முன்னால என் வாசல்ல வந்து படுக்கும்.

அதனால நான் சாராளக் காப்பாத்தக் கிளம்புனேன். தினமும் விடிஞ்சதும் மேலத்தெருவுக்குப் போவேன், கொல்லைப்புறமாத்தான், முன்வாசல் வழியாப் போறதுக்கு நான் யாரு? சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கஷாயம் வச்சு மூங்கில் குழாயில ஊத்தி விடுவேன். புல்லைப் பொடிசா நறுக்கி, அரிசிக் கஞ்சியில ஊறவச்சு, கையால ஊட்டி விடுவேன். பெத்த பொண்ணுக்குக்கூட அப்படி ஊட்டுனதில்ல. படுத்துட்டா வைக்கோல் பிரியால உடம்பத் தேய்ச்சு எழுப்பி நிறுத்துவேன். செத்துடாதடி சாராளு, இன்னும் இருவது நாள், இன்னும் பத்து நாளுன்னு காதுல சொல்லுவேன். அது என் தோள்மேல தாடைய வச்சுக்கிட்டு மூச்சு விடும். மூப்பருக்கு ரொம்ப சந்தோஷம். உங்க தெருவுலயும் இப்படி ஜீவகாருண்யம் இருக்கே ஞானப்பூன்னாரு. ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுததாச் சொல்லுவாங்க, அங்க ஓநாய்க்காக ஆடு அழுதுக்கிட்டு நின்னுச்சு.

சாராள் பொழைச்சுக் கிடந்துச்சு. நிச்சயம் முடிஞ்சுது, வயலட் அம்மாள் எங்க தெருவைப் பாத்து சுத்தமா இருக்குன்னு சொன்னாங்க. வைகாசியில திருச்சியில கல்யாணம். பத்திரிகையில தபித்தா சிண்டாக்கர்னு தங்க எழுத்துல பெருசாப் போட்டிருந்தாங்க. கல்யாணம் முடிஞ்ச மறு வாரமே தபித்தா அந்தப் பேரை எடுத்துட்டா. ஆதார், பேங்க், ரேஷன் கார்டு, ஒரு காகிதம் விடாம மாத்தி, தபித்தா ஆல்வின் ஆகிட்டா. நானும் நிம்மதியா, போன வேலை முடிஞ்சுதுன்னு கொல்லைப்பக்கம் போறத நிறுத்திட்டேன்.

சாராள் ஆடி மாசம் செத்துச்சு. என் முறைதானே, வரட்டும், இனிமே யார் பாத்தா எனக்கென்னன்னு கயித்தையும் மண்வெட்டியையும் எடுத்து வச்சிட்டு வாசல்ல உக்காந்திருந்தேன். சாயங்காலம் பாலத்தத் தாண்டி வந்துச்சு. தெரு வழக்கம் போல ஒதுங்கி நின்னுச்சு. என் வாசலுக்கு நேரா வந்து நின்னு, சொருகுன கண்ணோட என் பக்கம் முகத்தத் திருப்புச்சு, நான் ஊட்டுன வாய்தான், நாக்கு நீலமாத் தொங்குச்சு. அப்புறம் நடக்க ஆரம்பிச்சுது. அடுத்த வீட்டுக்கும் போகல, அதுக்கடுத்த வீட்டுக்கும் போகல, தெரு முனை தாண்டி மெயின் ரோட்டுல ஏறி மேற்க திரும்புச்சு. நூத்தி எழுபது வருஷத்துல ஒரு மாடும் எங்க தெருவத் தாண்டிப் போனதில்ல. மதுரம் அக்காதான் முதல்ல சொன்னா.

"ஞானப்பூ, அது உன் பொண்ணு வீட்டுக்குத்தான் போகுதுடி."

நான் ஓடுனேன். கொம்பப் பிடிச்சு இழுத்தேன், முன்னால படுத்தேன், சாராளு சாராளுன்னு கெஞ்சுனேன், நான் உனக்குக் கஞ்சி ஊத்துனேன்டின்னு சொன்னேன். உசுருள்ள மாட்ட நிறுத்தலாம், செத்த மாட்ட எப்படி நிறுத்துறது? என்ன ஒதுக்கிட்டு அது பாட்டுக்குப் போச்சு. ரெண்டு மைல் போயி முட்டி தேஞ்சு உக்காந்துட்டேன். கும்பகோணத்துல கடைவீதியே வழிவிட்டுச்சாம், தஞ்சாவூர் தாண்டி டோல்கேட்டுல கம்பியத் தூக்கி விட்டாங்களாம், பஸ் கண்டக்டருங்க வந்து சொன்னாங்க. எங்க போகுதுன்னு வழியில ஒருத்தரும் கேக்கலியாம். அந்த மாட்டப் பாத்தாலே தெரியுமாம், அதுக்குப் போக ஒரு வீடு இருக்குன்னு.

தபித்தாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன். அழுவான்னு நெனச்சேன், அழல. லோதர் அன்னிக்குக் கடைசியாச் சொன்னத நான் உனக்குச் சொல்லலம்மான்னா. அவர் சம்சாரம் அவரக் கட்டிக்கிட்டுப் பேரை மாத்திக்கிட்டு வேற ஊருக்குப் போயி, மூணாவது மாசம் காலையில கதவத் திறந்தா, வாசல்ல ஒரு கருப்புக் குதிரை கிடந்துச்சாம். அதத்தான் மோதிரத்தத் திருகிக்கிட்டே சொல்லியிருக்காரு. அதக் கேட்டுட்டுத்தான் என் பொண்ணு, எங்கயாவது ஒரு இடத்துல பொய்யாப் போகாதான்னு எதிர்பாத்து, கழுத்த நீட்டியிருக்கா.

மூணாம் நாள் காலையில எட்டு மணிக்கு அவளே கூப்பிட்டா. அடுக்குமாடியில மூணாவது மாடி அவங்க வீடு, லிப்டு சின்னது, அதனால படியேறியே வந்திருக்கு. படியில குறுக்க வந்தவங்க ஒதுங்கி நின்னிருக்காங்க. வாசல்ல கால மடக்கிப் படுத்தும் ஆச்சு. பதினெட்டு வீட்டு ஆளுங்களும் வந்து நிக்கிறாங்களாம். செத்த மாடு எப்படி நடந்துச்சு, எங்கேருந்து வந்துச்சு, ஒருத்தருக்கும் அது ஆச்சரியமாவே இல்லையாம். உங்க வீட்டுக்குத்தான் வந்திருக்குன்னு மட்டும் சொன்னாங்களாம். ஆல்வின் சுவத்தப் பாத்துக்கிட்டு நின்னாராம். வயலட் அம்மாள், பாவம், ஒரு கெட்ட வார்த்தை சொல்லல, கத்தல. உள்ள போயி, துணி காயப்போடுற கயித்த அவுத்துட்டு வந்து என் பொண்ணுகிட்ட நீட்டுனாங்களாம்.

"நான் வாங்கிட்டேன்மா"ன்னா தபித்தா. "வாங்கக் கூடாதுன்னுதான் நெனச்சேன். கை தானாப் போயிடுச்சு."

எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்துச்சு, பத்தாம் நாள் காலையில ஒண்ணும் பேசாம எடுத்தாரே அந்தக் கயிறு. செத்துப்போன என் தம்பி ஞாபகம் வந்துச்சு. அப்புறம் அந்தக் கட்டடம் ஞாபகம் வந்துச்சு, ஒரே சுவரு, ஒரே மொட்டைமாடி, ஒரே தண்ணித்தொட்டி, மேல் வீட்டுக்காத்துதான் கீழ் வீட்டுக்கு, கீழ் வீட்டுக்காத்துதான் மேல் வீட்டுக்கு. அந்தக் கட்டடத்துல கிழக்குத் தெரு எது?

"கயித்தக் கீழ போடு"ன்னேன். "போட்டுட்டு உள்ள போயி கதவைச் சாத்திக்க. தொடாத. நாறட்டும்."

கயிறு விழுற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. நான் அடுத்த பஸ்ஸப் பிடிச்சுத் திருச்சிக்குப் போயி, கட்டடத்துப் பின்படி வழியா உள்ள வந்து சேந்துட்டேன்.

இத நான் அந்த மூணாவது மாடியில உக்காந்துதான் சொல்றேன். இன்னிக்கு ஆறாவது நாள். வயலட் அம்மாள் மூத்த பிள்ளை வீட்டுக்குப் போயிட்டாங்க, ஆல்வினும் ரெண்டு நாள் பொறுத்துப் பாத்துட்டு அம்மா கூடவே போயிட்டாரு, போகும்போது தபித்தாகிட்ட, நீ நெனச்சா ஒரு மணி நேரத்துல முடியிற விஷயம்னு சொல்லிட்டுப் போனாரு. தாலியக் கழட்டி ஜன்னல்மேல வச்சிருக்கா, திரும்பப் போடுவாளான்னு எனக்குத் தெரியாது, நான் கேக்கல. எங்களுக்கும் சோறு இறங்கல, நாத்தம் எங்க மூக்குக்கும்தான் வருது, ஆனா இந்தத் தடவை எங்க மூக்குக்கு மட்டும் வரல. பதினெட்டு வீட்லயும் ஜன்னலச் சாத்தியாச்சு. கீழ் வீட்டுக் குழந்தை ராப்பகலா அழுவுது, அந்தச் சத்தம் கேக்கும்போதெல்லாம் என் கை தாழ்ப்பாள் வரைக்கும் போயிட்டுத் திரும்புது, நான் கல்லில்ல. வெளிய நின்னு கதவத் தட்டுறாங்க, திட்டுறாங்க, கையெடுத்துக் கும்பிடவும் செய்றாங்க. எப்ப எடுப்பீங்க, எப்ப எடுப்பீங்கன்னு கேக்குறாங்க.

மூப்பர் அருமைநாயகத்தோட பேரும் போன் நம்பரும் ஒரு சீட்டுல எழுதி வச்சிருக்கேன், கதவுக்கு அடியில தள்ளி விடத் தயாரா என் கையிலதான் இருக்கு. இது யார் மாடுன்னு ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேட்டுட்டாப் போதும், தள்ளிடுவேன். ஆறு நாளா காதக் கதவுல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம், நானும் என் பொண்ணும். இன்னும் யாரும் கேக்கல.